சத்தமில்லாத கம்ப்யூட்டர்

‘கர்ர்ர்’ என்று கம்ப்யூட்டர் மின்விசிறி இரைந்ததும், சூசைமரியான் வாத்தியார் தலையை ஆட்டினார்.

“இது வேண்டாம் தம்பி. இன்னும் இரையுது.”

காரைக்குடியில் கம்ப்யூட்டர் பொருத்திக் கொடுக்கும் பாண்டீஸ்வரனுக்கு அலுத்துவிட்டது. காலையிலிருந்து இது மூன்றாவது ஃபேன். ஹார்டு டிஸ்க்குக்கு அடியில் ரப்பர் வைத்தாயிற்று. பெட்டியையும் கனமானதாக மாற்றியாயிற்று.

“டிவியோட சேத்து சிடி பாக்கத்தான கேட்டீக? படம் ஓடுனா ஃபேன் சத்தம் எங்குட்டுக் கேக்கப் போகுது?”

“படம் இல்ல, எம் மக கல்யாண வீடியோ. கேசட்டைச் சிடியா மாத்தி வச்சிருக்கேன். ஒரு இடத்தை மட்டும் சத்தத்தைக் கூட்டித் திரும்பத் திரும்பக் கேக்கணும்.”

நல்ல பாட்டுக் கச்சேரி வைத்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு, பாண்டீஸ்வரன் நான்காவது ஃபேனை மாட்டினான். பெட்டி மூச்சுக்கூட விடவில்லை. வாத்தியார் அதில் காதை வைத்துப் பார்த்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டார்.

“அம்புட்டுதான் ஐயா. மகளும் மருமகனும் வந்தா எல்லாரும் சேந்து உக்காந்து பாருங்க.”

“மருமகன் வேற கல்யாணம் பண்ணிட்டாப்ல. மக மருந்தக் குடிச்சுப் போய்ச் சேந்து மூணு வருசமாச்சு.”

பாண்டீஸ்வரன் திருப்புளியைக் கீழே வைத்தான்.

“அப்ப... எந்த இடத்தை ஐயா கேக்கணும்?”

“மாதா கோயில்ல ‘சம்மதமா’ன்னு சாமியார் கேட்டப்ப, அவ என்னமோ முணுமுணுத்தா தம்பி. நான்தான் முந்திக்கிட்டு, ‘சம்மதம்னு சொல்லிட்டா சாமி’ன்னேன்.”