குறி தப்பிய பாத்தி

உப்பு அரித்த குதிகால் வெடிப்பில் நெருப்பு வைத்தாற்போல் எரிந்தது. வெயிலாச்சி உப்பளப் பாத்தித் தண்ணீருக்குள் அசையாமல் நின்றாள். காலுக்குக் கீழேயும் வானம்தான். மேகம் அவள் முழங்காலைச் சுற்றிக்கொண்டு மெதுவாய்ப் போனது. போன வருஷம் கடலில் விழவேண்டிய ஏவுகணை வழி தப்பி இங்கேதான் விழுந்தது, உப்பு வாரிக்கொண்டிருந்த அவள் புருஷன் கொம்பையாவின் மேல். குழி தூர்ந்து அதன்மேல் உப்பும் விளைந்துவிட்டது. அந்த ரகப் பழைய ஏவுகணையைத் திருத்துகிறவர்கள், எவ்வளவு விலகியது என்று அளக்க வந்திருந்தார்கள்.

"சரியா அங்கதானாக்கா?"

"எம்புருசன் விழுந்த எடம் எனக்குத் தெரியாதா?"

வரப்பில் நின்ற அதிகாரி முக்காலிக் கருவி வழியே அவளைப் பார்த்தான். "கொஞ்சம் நிமிந்து நில்லுங்க. இனிமே இது குறி தப்பாது. ரெண்டு மடங்கு தூரமும் போகும்."

"போயி யார் தலையில விழும்?"

அவன் கருவியை மடக்கினான்.

"எடத்தைக் காட்டுனா அவரைத் தர்றேன்னீங்களே சார்."

"மேல கேட்டுச் சொல்றேங்க்கா."

அவர்கள் வந்த வண்டி அந்த உப்பு வெள்ளைக்குள் கரைந்துபோனது. அவள் நகரவில்லை, நகர்ந்தால் அந்த இடமும் வெறும் தண்ணீராகிவிடும். சோதனைக்கென்று இரும்புத் துண்டுகளோடு சேர்த்து அள்ளிப்போன கொம்பையாவின் உடம்பை அவர்கள் இன்னும் திருப்பித் தரவில்லை.