ஏழாம் வகுப்பு மின்விசிறி

பள்ளியின் முதல் ஒலிப்பதிவு ஏழாம் வகுப்பில் நடந்தது. மேசைமேல் வந்து உட்கார்ந்த புது மைக், கூரையில் கிறீச்சிட்டுச் சுழன்ற பழைய மின்விசிறியிடம், "அண்ணே, கொஞ்சம் சும்மா இருங்க. உங்க சத்தம்தான் கேட்கும்" என்றது.

விசிறியை நிறுத்தினார்கள். கதை வாசித்த பூங்கோதைக்கு வேர்த்துக் கொட்டி, நாக்கு குழறியது. டீச்சர் மனசு கேட்காமல் மறுபடி சுவிட்சைப் போட்டார். விசிறி மூச்சைப் பிடித்துக்கொண்டு சுற்றியும் கிறீச்சென்றுவிட்டது. அன்று முழுக்க அது குன்றிப்போயிருந்தது.

அந்தப் பதிவு போன் போனாகப் பரவியது. மறுவாரம் துபாயிலிருந்து வந்த ஒரு குரலை டீச்சர் வகுப்பில் போட்டுக் காட்டினார். "நான் அங்கே படிச்ச ஷமீலா, டீச்சர். அந்த ஃபேன் சத்தம் கேட்டதும் அழுதுட்டேன்."

"யாருண்ணே அது?" என்றது மைக்.

"மூணாவது பெஞ்சுப் பொண்ணு" என்றது விசிறி. "கணக்குப் பரீட்சை அன்னிக்கெல்லாம் என்னையேதான் பார்த்துக்கிட்டு இருப்பா."