பத்தொன்பதாவது பெயர்

"வேணாம்மா. உங்க மகளை சயின்ஸ் குரூப்புல சேத்துவிடுறேன். கம்ப்யூட்டர் குரூப்பு மட்டும் வேணாம்."

கணக்கு வாத்தியார் திருப்பதி விண்ணப்பத்தைத் திருப்பி நீட்டினார். அன்னக்கொடி கையை நீட்டவில்லை.

போடியில் அந்தப் பள்ளிக்கூடத்துக்கு எண்பத்தாறில்தான் கம்ப்யூட்டர் வந்தது. ப்ளஸ் ஒன்னில் இருபது பேருக்கு இடம். பதினெட்டு பேர் சேர்ந்தாயிற்று. இன்றைக்குக் கடைசி நாள். போடிமெட்டுக்கு ஏறும் ஜீப்பை விட்டுவிட்டு, ஏலக்காட்டு வேலைக்கு மட்டம் போட்டுவிட்டு மகள் பொன்னுமணியோடு வந்து நின்றாள் அன்னக்கொடி.

"கணக்குல தொண்ணூத்திநாலு சார் எம் மக."

"தெரியும்மா. நான்தான நடத்துனேன்."

"ராஜாராம் மகன் எம்புட்டு?"

வாத்தியார் மேஜைமேல் இருந்த சேர்க்கைப் பட்டியலை மூடினார்.

"நாப்பத்தொண்ணு. அவனச் சேத்துக்கிட்டீக. ஏலக்காடு வச்சிருக்கவரு மகனுக்குக் கம்ப்யூட்டரு, அதே காட்டுல காய் எடுக்குறவ மகளுக்குத் தவளைய அறுக்குற படிப்பா?"

வராந்தாவில் நின்றவர்கள் அத்தனை பேருடைய காதும் இந்தப் பக்கம் திரும்பியது. மகனைச் சேர்க்க வந்திருந்த ஜக்கம்மாள், "விடாத அன்னக்கொடி, நல்லாக் கேளு" என்று தூபம் போட்டாள். சொல்லாவிட்டாலே கேட்கிறவள் அன்னக்கொடி. சொன்னால் விடுவாளா?

"இத்தன வருசம் உங்கள நல்லவருன்னு நெனச்சேன் சார். ஒரு கண்ணுக்கு வெண்ணெ, ஒரு கண்ணுக்குச் சுண்ணாம்புன்னு நீங்களும் கெளம்பிட்டீகளே!"

வாத்தியார் முகம் செத்துப் போயிற்று. பட்டியலையும் விண்ணப்பத்தையும் எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"ரெண்டு பேரும் என்கூட வாங்க. செருப்பக் கழட்டிருங்க."

வராந்தாவின் கோடியில் பூட்டியிருந்த அறையைத் திறந்தார். மேஜைமேல் பச்சைத் துணி போர்த்தி இரண்டு கம்ப்யூட்டர்கள். துணி விலகிய இடத்தில், திறப்பு விழாவன்றைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் காய்ந்து கிடந்தன. கும்பிடுவதா வேண்டாமா என்று அன்னக்கொடிக்கு ஒரு கணம் குழப்பமாக இருந்தது.

வாத்தியார் கதவைச் சாத்தினார்.

"இத எனக்கு ஓட்டத் தெரியாதும்மா."

"என்ன சார் சொல்றீக?"

"மதுரையில பதினஞ்சு நாள் பயிற்சி. நாப்பது வாத்தியாருக்கு ஒரு மெஷினு. நான் தொட்டது ரெண்டே தடவ. என்னால முடியாதுன்னேன், கேக்கல. கணக்குத் தெரிஞ்சவருக்கு இதுவும் தெரியும்னு தலையில கட்டிட்டாங்க."

மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"மத்த புள்ளைகளுக்கு வசதி இருக்கு. நான் ஒழுங்கா நடத்தலைன்னா மதுரைக்கு டியூசன் அனுப்புவாங்க. பெயிலானாலும் அப்பன் கடையில உக்காந்துக்கிரும். உங்க மக என்னைய ஒருத்தன நம்பித்தான் வரணும். தொண்ணூத்திநாலு வாங்குற புள்ள… அத நான் கெடுத்துட்டேன்னா எனக்குத் தூக்கம் வராதும்மா."

அன்னக்கொடிக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அத்தனை பேருக்கு முன்னால் என்னவெல்லாம் பேசிவிட்டாள்! அவ்வளவையும் வாங்கிக்கொண்டு மனுஷன் வாயைத் திறக்கவில்லையே.

மகள் பக்கம் திரும்பினாள்.

"கேட்டுக்கிட்டியா தாயி? இவருக்கே தெரியாதாம். படிக்கப் போறவ நீ, நீயே சொல்லு. தவளையா, இதுவா?"

பொன்னுமணி துணியை மெல்ல விலக்கி, வரிசையாக இருந்த எழுத்துப் பொத்தான்களைப் பார்த்தாள்.

"இதுக்குப் புத்தகம் இருக்கா சார்?"

"இருக்கும்மா. இங்கிலீசுல. தலகாணி தண்டிக்கு."

"அப்ப இதுதாம்மா. சாரும் நானும் சேந்து படிக்கிறோம்."

"வெளையாட்டு இல்லம்மா, ரெண்டு வருசப் படிப்பு" என்று பதறினார் வாத்தியார்.

"சார்," என்றாள் அன்னக்கொடி. குரலில் பழைய காரம் இல்லை. "எங்க காட்டுக்குப் புதுசா வர்ற கங்காணிக்கு எந்தக் காய எடுக்கணும், எந்தக் காய விடணும்னு தெரியாது. நாங்கதான் கூடவே நடந்து காட்டிக் குடுப்போம். ரெண்டு மாசத்துல அவரே எங்கள அதட்ட ஆரம்பிச்சுருவாரு. தெரியாதவருக்குத்தான் சார் சூட்டிகையான புள்ள வேணும். அவளப் போயி தொரத்துறீகளே!"

வாத்தியாருக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. கையிலிருந்த விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டார். பட்டியலில் பத்தொன்பதாவதாகப் பொன்னுமணியின் பெயரை எழுதினார்.

கதவைத் திறந்தால் வாசலிலேயே நிற்கிறாள் ஜக்கம்மாள். அவளுக்குப் பின்னால் பாதி வராந்தா.

"என்ன அன்னக்கொடி, வழிக்கு வந்துட்டாரா? மொதல்ல எதுக்காம் மாட்டேன்னாரு?"

வாத்தியார் தலையைத் தாழ்த்திக்கொண்டார். பொன்னுமணி அம்மாவைப் பார்த்தாள்.

முன்பு சண்டை போட்டதைவிடச் சத்தமாக, வராந்தாவின் கடைசி ஆளுக்கும் கேட்கிற மாதிரி அன்னக்கொடி சொன்னாள்:

"அவரு மேல ஒரு தப்பும் இல்லக்கா. எம் மக கணக்குப் போடத்தான் லாயக்கு, மத்தபடி சரியான மக்கு. பக்கத்துலயே உக்காந்து சொல்லிக் குடுத்தாத்தான் இவளுக்கு ஏறும்னு யோசிச்சிருக்காரு, பாவம். நான்தான் ஆளு தெரியாமப் பேசிட்டேன்!"