இருபத்து மூன்றாவது வீட்டுப் புகை

"வண்டி பாலத்தைத் தாண்டிடுச்சு" என்று கூரை மேலிருந்து அண்ணன் கத்தினான்.

நிக்கோலாசாவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. மலையுச்சியில் இருக்கிற அந்த ஊருக்கு குவாத்தமாலா நகரத்திலிருந்து சுகாதார அதிகாரி ஏறி வருவது இதுதான் முதல் தடவை.

மொத்தம் இருபத்து மூன்று வீடு. இருபத்திரண்டில் புது அடுப்பு, புகைக்குழாய், வெள்ளையடித்த சுவர். அத்தனையும் அவள் அலைந்து திரிந்து வாங்கிக் கொடுத்தது. ஆறாவதோடு படிப்புக்கு முழுக்குப் போட்டவள் என்று நக்கலடித்த வாத்தியார்கூட நேற்று வந்து பார்த்துவிட்டுப் பேசாமல் போனார்.

அதிகாரி 'சரி' என்று எழுதிவிட்டால் போதும். ஊருக்கு ஒரு மருந்தறை, வாரத்தில் மூன்று நாள் நர்ஸ், குழந்தைகளுக்கு ஆக்சிஜன்.

போன குளிருக்கு அண்ணன் மகன் எல்மருக்கு நிமிஷத்துக்கு அறுபத்தெட்டு மூச்சு வாங்கியது. கடிகாரத்தைப் பார்த்து எண்ணியது நிக்கோலாசாதான். சான் மார்கோஸ் ஆஸ்பத்திரிக்கு மூன்று மணி நேரம். பிழைத்துக்கொண்டான்.

"அடுப்புப் புகை நெஞ்சை அரிச்சுடுது. அப்புறம் சாதாரணச் சளிகூட உள்ளே இறங்கிடும்" என்றார் டாக்டர். அன்றைக்குப் பிடித்தது அவளுக்கு இந்த வெறி.

இருபத்து மூன்றாவது வீட்டிலிருந்து இப்போதும் கரும்புகை வந்துகொண்டிருந்தது.

"பார்த்தியா, காந்தெலாரியாவோட கொழுப்பை? இன்னிக்குக்கூட எரிக்கிறா" என்றாள் எதிர்வீட்டு ஹெசிந்தா.

"புருஷனும் இல்ல, புள்ளையும் இல்ல. ஒண்டிக்கட்டைக்கு எதுக்கு இவ்வளவு நெருப்பு?" என்றாள் இன்னொருத்தி.

"அவளால ஊருக்கே போச்சு."

"வாங்க, எல்லாருமாப் போய்க் கேட்போம்" என்றாள் நிக்கோலாசா.

"நாங்க எதுக்கு? நீதானே சுகாதாரப் பொண்ணு, நீ போ."

"பேசிப் பாரு, அவ்வளவுதான்" என்றாள் அண்ணி பெத்ரோனா, எல்மரை முதுகில் இறுக்கிக் கட்டிக்கொண்டே. "தண்ணி கிண்ணி ஊத்திடாத."

நிக்கோலாசா ஓடினாள்.

உள்ளே கண் திறக்க முடியவில்லை. மூன்று கல் வைத்த பழைய அடுப்பு, பக்கத்திலேயே இன்னொன்று. நாலு பெரிய பானைகளில் சுண்ணாம்புத் தண்ணீரில் மக்காச்சோளம் கொதித்துக்கொண்டிருந்தது. காந்தெலாரியா நடுவில் உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தாள்.

"அத்தை, அணைச்சுடுங்க. வண்டி வந்துடுச்சு."

"இன்னும் வேகல."

"ஒரு வீட்டுல இந்த அடுப்பு இருந்தாலும் ஊருக்கு மருந்தறை கிடையாது. உங்களுக்குக் குழந்தை இருந்தாத் தெரிஞ்சிருக்கும்."

வாய் தவறி வந்துவிட்டது. ஆனால் அவள் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை. கோபம் அப்படி.

காந்தெலாரியா ஒரு விறகை உள்ளே தள்ளினாள். "ஆமா, தெரிஞ்சிருக்கும்."

ஊர் முகப்பில் வண்டி நின்றது. அதிகாரி ஒஃபேலியா இருபத்திரண்டு வீட்டையும் ஒரு மணி நேரத்தில் பார்த்து முடித்தாள். ஒவ்வொரு வீட்டிலும் தலையாட்டினாள். கடைசியில் மூக்கில் துண்டை வைத்துக்கொண்டு இங்கே நுழைந்தாள்.

"இந்த நாலு பானையும் யாரோடது?"

"என்னோடது" என்றாள் காந்தெலாரியா.

"நீங்க ஒரு ஆள்தானேம்மா?"

"எனக்குப் பசி ஜாஸ்தி."

வெளியே நின்ற பெண்கள் யாரும் வாய் திறக்கவில்லை. நிக்கோலாசாவுக்கு அவமானம் பிடுங்கித் தின்றது. முடிந்தது, எல்லாம் முடிந்தது.

"இந்த வீட்டுல அஞ்சு வயசுக்குள்ள குழந்தை யாராவது?"

"யாருமில்ல."

ஒஃபேலியா தாளில் கோடு போட்டாள். "அப்ப இந்த வீடு என் கணக்குல வராது. குழந்தை இருக்கிற வீட்டுக்குத்தான் விதி. நீ தாளை முழுசாப் படிக்கலையா பொண்ணே?"

"படிச்சேன். பாதி."

"மீதிப் பாதியில உங்க ஊர் ஜெயிச்சுடுச்சு. அடுத்த மாசம் நர்ஸ் வருவாங்க."

ஊர் அதிர்ந்தது. அண்ணன் வாணவெடி விட்டான். பெத்ரோனா பிள்ளையோடு சேர்த்து நிக்கோலாசாவையும் கட்டிக்கொண்டாள். ஹெசிந்தா அழுதேவிட்டாள். வண்டி கீழே இறங்கி மறைகிறவரை யாரும் கை ஆட்டுவதை நிறுத்தவில்லை.

வெடிச் சத்தம் அடங்கியதும் நிக்கோலாசா நேராக அந்தப் புகை வீட்டுக்குத்தான் போனாள். சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விடுகிற பழக்கம் அவளுக்கு இல்லை.

"தப்பிச்சோம் அத்தை. உங்களால இல்ல, உங்களை மீறி. அடுத்த தடவையாவது..."

"கத்தினது போதும். அந்த நீலப் பானையைத் தூக்கு, வெந்துடுச்சு."

"நான் எதுக்குத் தூக்கணும்?"

"உங்க வீட்டுதுதானே."

பானையின் காதில் சிவப்புக் கம்பி சுற்றியிருந்தது. அண்ணன் சுற்றிய கம்பி. காலையில் தின்ற தொர்த்தியா ரொட்டியும் இந்தப் பானைச் சோளம்தான்.

பின்வாசலில் நிழலாடியது. ஹெசிந்தாவும் இன்னும் இரண்டு பேரும் பிடிதுணியோடு நின்றார்கள். ஒருத்தியும் நிக்கோலாசாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

"உன் புது அடுப்பு நல்ல அடுப்புதான். வாய்தான் சின்னது, இவ்வளவு பெரிய பானை உட்காராது" என்றாள் காந்தெலாரியா. இருமல் வந்தது. அது அடங்கும்வரை நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள்.

"கைக்குழந்தை இருக்கிற வீட்டுல எரிச்சா, நீ கடிகாரத்தை வச்சுக்கிட்டு உட்காரணும். இங்க எரிச்சா இருமுறது நான் ஒருத்திதானே."