ஹில்டாவின் குங்குமம்

குஷாய்குடாவிலிருந்து வந்த பஸ்ஸில் ஹில்டா நெற்றி நிறையக் குங்குமத்தோடு மாரெட்பள்ளியில் இறங்கியதை, அவளுடைய கிறிஸ்தவ சபையைச் சேர்ந்த மூன்று பேர் பார்த்துவிட்டார்கள்.

"ஏன் ஹில்டா, இது என்ன கோலம்?" என்று பாடகர் குழு மெட்டில்டா நடுத்தெருவிலேயே கேட்டார். மற்ற இருவரும் ஒன்றும் கேட்கவில்லை. நேராகப் போய்க் கொர்னேலியஸிடம் சொன்னார்கள்.

கொர்னேலியஸ் சபைச் செயலர். ராமச்சந்திராபுரம் தொழிற்சாலையில் இன்ஸ்பெக்டர். நூலளவு பிசகினாலும் உருப்படியைத் திருப்பி அனுப்பிவிடுவார் என்பார்கள். சபையிலும் அப்படித்தான். ஞாயிற்றுக்கிழமை அப்பமும் ரசமும் தருகிற திருவிருந்தை எடுக்கிறவர்கள் முந்தின நாளே அவர் நோட்டில் எழுதிக்கொள்ளப் பெயர் கொடுத்தாக வேண்டும். லெந்து நோன்பு நாட்களில் சினிமாவுக்குப் போன எட்வர்டின் பெயரை அவர் எழுத மறுத்தது எல்லாருக்கும் தெரியும்.

ஹில்டா விஷயத்தில் என்ன செய்வார் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் ஹில்டா பெயர் கொடுக்க அவர் வீட்டுக்குப் போனாள். அவர் கேட்பதற்கு முன்பே நடந்ததைச் சொல்லிவிட்டாள். ஃபேக்டரியில் அவள் பக்கத்து இருக்கைக் கல்பகத்துக்குக் குஷாய்குடா வீட்டில் வளைகாப்பு. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம் கழித்து உண்டான பிள்ளை. வந்த பெண்களுக்கெல்லாம் கல்பகமே தன் கையால் குங்குமம் வைத்தாள். ஹில்டாவிடம் வந்ததும் கொஞ்சம் தயங்கினாள். ஹில்டாதான் நெற்றியைக் காட்டினாள்.

"வெளியே வந்ததும் துடைச்சிருக்கலாமே?" என்றார் கொர்னேலியஸ்.

"அவ வாசல்லயே நின்னுட்டிருந்தா அங்கிள். அவ பார்க்கத் துடைக்க மனசு வரல. பஸ் ஏறினதும் மறந்தே போச்சு."

அவர் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டார். ஹில்டாவே மறுபடி பேசினாள்.

"சபை ஒழுங்குப்படி தப்புன்னா தப்புதான். ஆனா எங்கிட்ட குறையே இல்லைன்னு நெனச்சு நான் என்னிக்குமே திருவிருந்துப் பந்திக்கு வந்ததில்ல. இயேசு என்னைத் தள்ள மாட்டார்னு நம்பித்தான் வர்றேன்."

கொர்னேலியஸ் நோட்டை மூடினார். சரி, போய் வா என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் ஹில்டா கடைசி பெஞ்சில், சுவரோரமாக உட்கார்ந்தாள். வழக்கமாக அவளோடு உட்காருகிறவர்கள் அன்றைக்கு முன்னால் இடம் பார்த்துக்கொண்டார்கள். பெஞ்சில் அவள் மட்டும்தான்.

திருவிருந்து ஆரம்பித்தது. கொர்னேலியஸ் வழக்கம்போல நடுவே நின்று ஒவ்வொரு வரிசையாக அனுப்பினார். ஜனங்கள் பீடத்தின் முன் முழங்கால்படியிட்டு எடுத்துக்கொண்டு, திரும்பி வந்து கண்களை மூடி ஜெபத்தில் இருந்தார்கள். வரிசை குறையக் குறைய ஹில்டா தலையை இன்னும் குனிந்துகொண்டாள். எல்லார் முன்னாலும் அவர் கையைக் காட்டித் தடுத்துவிட்டால் என்ன செய்வது? அதற்கு எழுந்திருக்காமலே இருந்துவிடலாம்.

அவர் பக்கத்தில் வந்து நின்றார்.

"எழுந்திரும்மா."

"என் பேரு..."

"நேத்து நீ கேட்டைத் தாண்டறதுக்குள்ள எழுதிட்டேன்."

ஹில்டாவுக்கு அப்பாடா என்றிருந்தது. ஒரு வாரமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்தது சட்டென்று இறங்கிவிட்டது. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

ஆனால் கொர்னேலியஸ் வழிவிடவில்லை. பெஞ்சைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்:

"எல்லாரையும் அனுப்பிட்டு நான் பந்திக்குப் போகாம இங்கேயே நின்னுடுவேன். கண்ணை மூடியிருக்கிறதால யாரும் கவனிச்சதில்ல. ஒவ்வொரு தடவையும் என்னை நானே சோதிச்சுப் பார்ப்பேன், ஏதாவது ஒரு குறை தட்டுப்படும். அப்படியே பதினோரு வருஷம் போயிடுச்சு. நேத்து நீ சொன்னதைக் கேட்டப்புறம்தான் நானும் போகலாம்னு தோணுது. தனியாப் போகப் பயமா இருக்கு... துணைக்கு வாம்மா."