பன்னிரண்டு கைகள்

“சிஸ்டர், பன்னெண்டு பேருக்கும் ஒரே நேரத்துல கை இழுத்துக்கிச்சுங்க. லாரி வேற நிக்குது. ஆளுக்கு ஒரு ஊசி போட்டு வுடுங்க.”

பாலக்கோட்டுக்குப் பக்கத்தில் தக்காளி மண்டி நடத்தும் மாதவராஜ், கிராம செவிலியர் நிர்மலாதேவியைத் தன் காரிலேயே அழைத்து வந்திருந்தார்.

தகரக் கொட்டகை அனலாகக் கொதித்தது. குவிந்து கிடந்த தக்காளிக்கு முன்னால், அதைத் தரம் பிரித்துப் பெட்டியில் அடுக்கும் பெண்கள் விரல்களை மடக்கிக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள்.

நிர்மலாதேவி முதலில் மூத்தவள் தீர்த்தம்மாளின் கையைப் பிடித்து, விரல்களை மெல்ல நீட்டி, கட்டைவிரலின் அடிச்சதையை நீவிவிட்டாள். அப்புறம் மற்றவர்களின் கைகளையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள்.

“காலைல இருந்து எவ்வளவு தண்ணி குடிச்சீங்க?”

மற்றவர்கள் மூத்தவளைப் பார்த்தார்கள். தீர்த்தம்மாள்தான் சொன்னாள்.

“கெளம்பும்போது ஒரு வாய் காப்பிங்க. இனி வூட்டுக்குப் போய்த்தான் தண்ணி.”

“ஏன் அப்படி?”

“குடிச்சா ஒதுங்கணுமே நர்ஸம்மா. முன்னாடி லாரி டிரைவருங்க, பின்னாடி ரோடு. எங்க போறது? ரெண்டு வருசமா ஓனருகிட்ட கேட்டுக்கிட்டுத்தான் இருக்கோம்.”

மாதவராஜ் தொண்டையைச் செருமினார். “கட்டலாம், கட்டலாம். மொதல்ல ஊசியப் போடுங்க சிஸ்டர்.”

“இதுக்கு ஊசி கெடையாதுங்க” என்றாள் நிர்மலாதேவி. “நாள் பூரா ஒரே மாதிரி விரலை மடக்கி வேலை. வேர்வையில தண்ணியும் உப்பும் போயிருது. குடிக்கறதும் இல்ல. சதை இழுக்காம என்ன பண்ணும்? கையை வெதுவெதுப்பான தண்ணியில வெச்சு, மெதுவா நீவிவுடணும். எலுமிச்சம்பழத் தண்ணியில உப்பும் சக்கரையும் போட்டுக் குடுங்க. மணிக்கு ஒருக்கா வேலையை நிறுத்திட்டு விரலை நீட்டி மடக்கட்டும்.”

“அவ்வளவுதானா? இப்பவே செஞ்சுரலாம்.”

“இன்னிக்கு அவ்வளவுதான். தண்ணி குடிக்காட்டி நாளைக்கும் இழுக்கும். தண்ணி குடிக்கணும்னா இங்க கக்கூஸ் வேணும்.”

பையிலிருந்து நோட்டை எடுத்துப் பன்னிரண்டு பெயர்களையும் எழுதினாள். கீழே, ‘தசைப்பிடிப்பு. போதிய தண்ணீர் குடிப்பதில்லை. காரணம், கழிப்பறை இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, தாளைக் கிழித்து மாதவராஜிடம் நீட்டினாள்.

“இது உங்களுக்கு. இதே மாதிரி ஒண்ணு எங்க டாக்டருக்கும் போகும்.”

வெளியே லாரிக்காரர் ஹாரனை அழுத்தினார். மாதவராஜ் குவியலைப் பார்த்தார். மடங்கிய விரல்களைப் பார்த்தார். கையிலிருந்த சீட்டை இரண்டு தடவை படித்தார். பிறகு கொத்தனாருக்குப் போன் போட்டார்.

“மேஸ்திரி, நாளைக்கே ஆளுங்களோட வந்துரு. ரெண்டு கக்கூஸ் கட்டணும். கதவு, தண்ணித் தொட்டி எல்லாம் இருக்கோணும்.” போனை வைத்துவிட்டுப் பெண்களிடம் திரும்பினார். “அதுவரைக்கும் பக்கத்துல எங்க வூட்டு பாத்ரூமுக்குப் போங்க. தொறந்து வுடச் சொல்றேன்.”

குடத்தில் எலுமிச்சம்பழத் தண்ணீர் வந்தது. பெண்கள் டம்ளர் டம்ளராகக் குடித்தார்கள். அரை மணி நேரத்தில் கைகள் பழையபடி ஓடின. லாரி நேரத்துக்குக் கிளம்பியது.

அடுத்த மாதம் நிர்மலாதேவி அந்தப் பக்கம் வந்தபோது, கொட்டகையின் ஓரத்தில் பச்சைக் கதவுகளோடு இரண்டு கழிப்பறைகள் நின்றன. ஒவ்வொருத்தி பக்கத்திலும் ஒரு தண்ணீர் பாட்டில். யாரையும் பார்த்துக் கூசாமல் எடுத்துக் குடித்தார்கள்.

தீர்த்தம்மாள் அவளைத் தனியே அழைத்துப் போனாள். குரல் இறங்கியது.

“ஒங்ககிட்ட ஒண்ண மறைச்சுப்போட்டேன் நர்ஸம்மா. அன்னிக்கு நெசமா கை இழுத்தது எனக்கு மட்டுந்தான். மத்தவங்களையும் விரலை மடக்கிக்கிட்டு உக்காருங்கடின்னு சொன்னது நாந்தான்.”

நிர்மலாதேவி சிரித்தாள். “தொட்டதுமே தெரிஞ்சுபோச்சுங்கக்கா. பதினோரு கையும் பஞ்சாட்டம் இருந்துச்சு. ஒருத்தி பேரை மட்டும் எழுதினா கக்கூஸ் வராதுன்னுதான் பன்னெண்டு பேரையும் சேர்த்து எழுதினேன்.”