தொட்டியில் தொங்கும் கால்

கரண்ட் மீட்டரின் முள் இறங்கிவிட்டது.

அவள் கண்ணாடியைத் தட்டிப் பார்த்தாள். முள் பூஜ்யத்தை விட்டு அசையவில்லை.

நான்கு எட்டு வைக்கும் தூரத்தில் ஆசிட் தொட்டி. அதற்குள் அவளுடைய இடது கால் தொங்குகிறது. முழங்காலுக்குக் கீழே, எலும்பு இருக்க வேண்டிய இடத்தில் மாட்டிக்கொள்ளும் அலுமினியக் குழாய். செயற்கைப் பாதம் கம்பூட்ஸுக்குள்ளேயே, அவள் உட்கார்ந்திருக்கும் ஸ்டூலுக்குப் பக்கத்தில் நிற்கிறது.

இந்தப் பட்டறையில் சேர்ந்து இரண்டு வருடம். சுடிதாரும் கம்பூட்ஸும் போதுமாக இருந்தன. யாருக்கும் தெரியாது என்றுதான் நினைத்திருந்தாள். தெரிந்தால், ஈரத் தரையில் இவளை வைத்து வேலை வாங்க எந்த முதலாளி துணிவான்?

ஆனால் ஆசிட் ஆவி குழாயைக் கண்டுபிடித்துவிட்டது. வெள்ளையாகப் பூத்து, குழி விழத் தொடங்கியிருந்தது. புதுக் குழாய் வேண்டுமென்றால் மூன்று வருடம் கழித்து வரச் சொன்னார்கள் ஆஸ்பத்திரியில்.

ஊரார் வீட்டு அலுமினிய ஜன்னலுக்கெல்லாம் தினமும் ஏற்றுகிற பூச்சு. தன் காலுக்கு ஒரு நாள் ஏற்றினால் என்ன?

எல்லோரும் சாப்பிடப் போன நேரம் பார்த்து, குழாயைக் கழற்றித் தொட்டியில் மாட்டிவிட்டாள்.

பூச்சு என்பது வாய்ப்பழக்கம். மேலே எதையும் பூசுவதில்லை. கரண்ட் ஓட ஓட, அலுமினியம் தன் மேல்பரப்பையே தோலாக மாற்றிக்கொள்கிறது. நாற்பது நிமிடம் ஆகும். நடுவில் கரண்ட் நின்றால், அதே ஆசிட் வளர்ந்த தோலைத் தின்னும்.

இப்போது தின்றுகொண்டிருக்கிறது.

குழாயைக் கரண்ட் கம்பியோடு சேர்க்கும் கிளிப் நழுவியிருக்கும். ஒற்றைக் காலில் நின்று, ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் முடுக்கியது. அவ்வளவுதான் பிடிக்கும். திரும்பப் போனாலும் அதே ஒரு கைதான்.

வெளியே டிபன் கேரியர் மூடும் சத்தம்.

அழுகை முட்டியது. அதைவிட ஆத்திரம்தான் அதிகம்.

"நாச்சிமுத்தண்ணா, கொஞ்சம் வாங்க."

மேஸ்திரி நாச்சிமுத்து சோற்றுக் கையோடு வந்தார். முழங்காலுக்கு மடித்துவிட்டிருந்த சுடிதாரைப் பார்த்தார். தொட்டியைப் பார்த்தார். கையைக் கழுவிவிட்டுக் கையுறை மாட்டினார்.

"சுவிட்ச்ச அமத்து, அம்முணி."

அணைத்தாள்.

குழாயைத் தூக்கி, இரண்டு கையாலும் முடுக்கினார். கிளிப்பின் பல் தோலைத் துளைத்து உலோகத்தைக் கடிக்கும் வரை முடுக்கினார். மறுபடி இறக்கினார்.

"இப்பப் போடு."

முள் ஏறியது.

"எத்தன நிமிசமாச்சு?"

"பதினாறுங்கண்ணா."

தலையாட்டிவிட்டு வாசலுக்குப் போனார். மணி அடித்தது. வேலைக்குத் திரும்பியவர்கள் பேச்சும் சிரிப்புமாக வந்துகொண்டிருந்தார்கள். அவர் ஷட்டரைப் பாதிக்கு இறக்கினார்.

"ஆசிட் மாத்தறோம். அரை மணி நேரம் பொறுங்க."

ஆசிட்டை நேற்றுதான் மாற்றினார்கள். அவளையும் சேர்த்து ஒன்பது பேரும் நின்று மாற்றினார்கள்.

வெளியே யாரும் ஏன் என்று கேட்கவில்லை.